எதுவரைக்கும் போட்டே?

இரவு பத்தே முக்காலுக்கு வாட்ஸப்பில் ஒரு படம் வரும். கொஞ்சம் சாய்ந்து, மேலே டியூப்லைட் வெளிச்சம் விழுந்து, புத்தகத்தின் நடு மடிப்பில் பாதி வரி தொலைந்துபோன படம். கீழே ஒரு வரி: "மாமா, இந்த சம் போட்டு அனுப்புங்க. நாளைக்கு சப்மிஷன்." அக்கா மகன். திருச்சி பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் முதலாம் ஆண்டு. நான் அப்போதுதான் ஆபீஸ் கால் முடித்துச் சாப்பிட்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு தாள் எடுத்து, படம் வரைந்து, விசைகளைக் குறித்து, சமன்பாடு எழுதி, விடைக்குக் கீழே இரண்டு கோடு இழுத்து, போட்டோ எடுத்து அனுப்பிவிடுவேன். பன்னிரண்டு நிமிஷ வேலை. பதிலுக்கு ஒரு கும்பிடு எமோஜி வரும். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. படித்து முடித்து இத்தனை வருஷம் கழித்தும் லாமியின் தேற்றம் மறக்கவில்லையே என்ற பெருமை வேறு.

ஒரு செமஸ்டர் முழுக்க இப்படிப் போனது. முப்பது கணக்காவது இருக்கும். அசைன்மென்ட்டுக்கு முழு மதிப்பெண் வாங்கினான். யூனிவர்சிட்டி பரீட்சையில் மெக்கானிக்ஸ் அரியர்.

அக்கா போன் பண்ணி, "நீ இவ்வளவு சொல்லிக்கொடுத்தும் இப்படிப் பண்ணிட்டானேடா" என்றாள். அந்த வாக்கியத்தில் ஒரு தகவல் பிழை இருக்கிறது. நான் அவனுக்கு எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவன் வீட்டுப்பாடத்தை நான் செய்தேன். முப்பது முறை செய்தேன். அதனால் எனக்கு மெக்கானிக்ஸ் கொஞ்சம் நன்றாக வந்திருந்தது, அவ்வளவுதான்.

இதை இப்போது எழுதக் காரணம், சமீபகாலமாக எங்கே போனாலும் கேட்கிற ஒரு புலம்பல். பேராசிரியர்கள், முன்னாள் மாணவர்கள், கல்வி பற்றி ஃபேஸ்புக்கில் எழுதுகிற மாமாக்கள், எல்லோரும் ஒரே குரலில்: ஏஐ வந்து பசங்களைக் கெடுத்துவிட்டது, எவனும் சொந்தமாக ஒரு கணக்கு போடுவதில்லை, போட்டோ எடுத்துப் போட்டால் விடை வந்துவிடுகிறது. வாஸ்தவம்தான். ஆனால் கெட்டுப்போவதற்கு முன்னால் அந்த இடத்தில் என்ன இருந்தது என்று இவர்கள் யாரும் சொல்வதில்லை. நான் அங்கே இருந்தேன், சொல்கிறேன்.

எங்கள் ஹாஸ்டலில் ஒவ்வொரு அசைன்மென்ட்டுக்கும் ஒரு மூல நோட்டு உண்டு. எழுதுகிறவன் ஒருவன். இரவு பதினொன்றுக்கு மேல் அது அறை அறையாகக் கிளம்பும். இவனைப் பார்த்து அவன், அவனைப் பார்த்து அடுத்தவன். ஒருமுறை மூன்றாவது கையிலோ நான்காவது கையிலோ 9.81 என்பது 9.18 ஆகிவிட்டது. அதற்குப் பிறகு எழுதப்பட்ட அத்தனை நோட்டிலும் 9.18. உ.வே.சா. மாதிரி யாராவது பொறுமையாக உட்கார்ந்து பாடபேதம் பார்த்திருந்தால் எந்த நோட்டிலிருந்து எந்த நோட்டு பிறந்தது என்று ஒரு வம்சாவளியே போட்டிருக்கலாம். வேடிக்கை அதுவல்ல. 9.18 போட்ட எல்லா நோட்டிலும் கடைசி விடை சரியாக இருந்தது. எல்லா நோட்டிலும் சிவப்பு டிக். எழுதியவனும் படிக்கவில்லை, திருத்தியவரும் படிக்கவில்லை. நடுவில் ஒரு குயர் காகிதம் வீணானது.

மூல நோட்டுக்காரன் மட்டும் சொந்தமாகப் போட்டானா? அவனுக்கு ஒரு லோக்கல் ஆத்தர் புத்தகம். நெல்சன், பியர் அண்ட் ஜான்ஸ்டன் எல்லாம் லைப்ரரி அலமாரியில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தன. எங்கள் கையில் இருந்தது பழைய யூனிவர்சிட்டி கேள்விகளை எடுத்து, 'மாடல் 1', 'மாடல் 2' என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் முழு விடையும் போட்டுத் தருகிற புத்தகம். அப்போதெல்லாம் பார்ட் பி-யில் ஐந்து கேள்வி, ஒவ்வொன்றும் 16 மார்க். 'கொடுக்கப்பட்டவை' என்று எழுதி எண்களை வரிசையாக அடுக்கினால் அதற்குக் கொஞ்சம். படத்துக்குக் கொஞ்சம். ஃபார்முலாவுக்குக் கொஞ்சம். விடை தப்பானாலும் ஸ்டெப்புக்கு மார்க் உண்டு என்பது யாரோ நல்ல மனசோடு செய்த ஏற்பாடு. பையன் எப்படி யோசித்தான் என்று பார்க்கத்தான் அது. எங்களிடம் வந்து சேரும்போது அது சடங்காகியிருந்தது. மந்திரத்துக்கு அர்த்தம் தெரியாவிட்டாலும் உச்சரிப்பு சுத்தமாக இருந்தால் போதும்.

ஆக, சாட்பாட் வந்து அழித்தது இந்த நோட்டைத்தான். இதற்கு ஒப்பாரி வைக்க என்னால் முடியாது.

இன்னொரு ஒப்புதல் வாக்குமூலமும் பாக்கி இருக்கிறது. படிப்பு முடிந்து ஆஃபர் லெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு, ஜாய்னிங் தேதி தள்ளித் தள்ளிப் போன மாதங்களில் நான் ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்கு விடை எழுதிக் கொடுத்தேன். அங்கே கல்லூரிப் பிள்ளைகள் மாதச் சந்தா கட்டி வீட்டுப்பாடக் கேள்விகளைப் போடுவார்கள். இங்கே என்னைப் போல வேலைக்குக் காத்திருக்கும் பட்டதாரிகள் முழு விடையும் எழுதிப் போடுவோம். ஒரு விடைக்கு 100 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. அவர்களுடைய ஞாயிறு இரவு நமக்குத் திங்கள் காலை. அப்போதுதான் கூட்டம் அதிகம். செப்டம்பரில் விசைகளின் சமநிலை, அக்டோபரில் ட்ரஸ், நவம்பரில் உராய்வு என்று அந்த நாட்டு பாடத்திட்டமே எனக்கு மனப்பாடம். ஒரு மணி நேரத்தில் ஐந்து கணக்குகூடப் போட்டிருக்கிறேன். இன்று சாட்பாட்டைத் திட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டும்: போட்டோ உள்ளே போனால் விடை வெளியே வருகிற அந்த இயந்திரம் புதிதல்ல. அதன் உள்ளே நாங்கள் உட்கார்ந்திருந்தோம். எங்களைவிட மலிவான ஒன்று வந்திருக்கிறது.

அந்த நாட்களில் ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஒரு உத்தரம், ஒரு முனையில் கீல், மறுமுனையில் கயிறு. நான் கீலைச் சுற்றி மொமென்ட் எடுத்து இரண்டே வரியில் கயிற்றின் இழுவிசையைக் கண்டுபிடித்துவிட்டேன். கேட்ட பையனோ பெண்ணோ, கீழே ஒரு பின்னூட்டம் போட்டிருந்தார்: கீலிலும் விசை இருக்கிறதே, அதை ஏன் இந்தச் சமன்பாட்டில் சேர்க்கவில்லை, நான் சேர்த்துப் போட்டதால் இரண்டு மணி நேரமாக மாட்டிக்கொண்டிருக்கிறேன் என்று. எவ்வளவு நல்ல கேள்வி! அந்த விசை கீல் வழியாகவே போகிறது, அதனால் அந்தப் புள்ளியிலிருந்து அதன் தூரம் பூஜ்யம், எதால் பெருக்கினாலும் பூஜ்யம், அதற்காகத்தான் அந்தப் புள்ளியைத் தேர்ந்தெடுத்தோம். ஒரு வரி பதில். நான் எழுதவில்லை. பின்னூட்டத்துக்குப் பதில் எழுதினால் காசு கிடையாது. அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்த மாதங்களில் நான் எழுதிய விடைகளில் எவருக்காவது உண்மையில் தேவைப்பட்ட ஒரே வரி எழுதாமல் விட்ட அந்த வரியாகத்தான் இருக்கும்.

சரி, அப்படியானால் உதவி என்பது எது? ஒரு கணக்கை வைத்தே சொல்கிறேன். பயப்படாதீர்கள், பத்தாம் வகுப்போடு இயற்பியலைத் தலைமுழுகியவர்களும் படிக்கலாம்.

100 நியூட்டன் எடையுள்ள ஒரு பெட்டி, சொரசொரப்பான தரையில் சும்மா இருக்கிறது. நிலை உராய்வுக் கெழு 0.3. 20 நியூட்டன் விசையால் அதைக் கிடையாக இழுக்கிறோம். உராய்வு விசை எவ்வளவு?

முதலாம் ஆண்டுப் பையன்கள் பத்துப் பேரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் வருகிற பதில் 30. உராய்வு என்றால் மியூ இன்டு என். 0.3 இன்டு 100. அடியில் இரண்டு கோடு. இப்போது கொஞ்சம் நிதானித்துப் பாருங்கள். நான் 20-ஆல் முன்னால் இழுக்கிறேன், தரை 30-ஆல் பின்னால் இழுக்கிறது. மிச்சம் 10 பின்னால். அப்படியானால் நான் இழுக்க இழுக்கப் பெட்டி என்னை விட்டு எதிர்ப்பக்கம் ஓட வேண்டும். வீட்டில் பீரோவை நகர்த்த முயன்ற யாருக்காவது பீரோ பின்வாங்கி ஓடிய அனுபவம் உண்டா? சரியான விடை 20. நீ எவ்வளவு இழுக்கிறாயோ அவ்வளவுக்குத்தான் உராய்வு எதிர்த்து நிற்கும். 30 என்பது அதன் எல்லை. அதற்கு மேல் இழுத்தால்தான் பெட்டி நகரும்.

30 என்று சொன்னவனுக்கு நான் சரியான விடையை முழுசாக எழுதி அனுப்பினால் என்ன நடக்கும்? அவன் பார்ப்பான். 'ஓ, இந்த மாடலில் மியூ போடக்கூடாது போல' என்று எடுத்துக்கொள்வான். அவன் மண்டைக்குள் உராய்வு என்பது மியூ இன்டு என் என்றே இருக்கும். அதன் மேல் 'சில சமயம் வேண்டாம்' என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பான். அடுத்த கணக்கில் ஸ்டிக்கர் உரிந்துவிடும். அவனுக்குத் தேவை, "30-ன்னா பெட்டி எந்தப் பக்கம் போகும்?" என்று யாராவது கேட்பது. அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டுமானால் அவன் 30 போட்டிருக்கிறான் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். வெறும் கேள்வித்தாளின் போட்டோவில் அது தெரியாது. அதனால்தான் எங்கள் ஊர் டியூஷன் சார் எந்தச் சந்தேகம் கொண்டுபோனாலும் முதலில், "எதுவரைக்கும் போட்டே?" என்பார். ஃபேர் நோட்டைத் தொடமாட்டார். ரஃப் நோட்டை வாங்கி, அடித்தல் திருத்தல்களை மட்டும் பார்ப்பார். சிடுமூஞ்சி என்று பெயர். நிறையப் பேர் அந்தக் கேள்விக்குப் பயந்தே டியூஷனை விட்டு நின்றார்கள்.

இது என் ஊர்க்கதை என்று தள்ளிவிட வேண்டாம். அமெரிக்காவில் டேவிட் ஹெஸ்டினஸ் என்ற இயற்பியல் பேராசிரியரும் அவருடைய சகாக்களும் 1992-ல் ஒரு கேள்வித்தாளை வெளியிட்டார்கள். அதில் கணக்கே கிடையாது. லாரியும் சின்னக் காரும் நேருக்கு நேர் மோதினால் எது எதன் மீது அதிக விசை செலுத்தும் என்கிற மாதிரிக் கேள்விகள். (இரண்டும் ஒரே அளவுதான். நியூட்டனின் மூன்றாம் விதியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கிறவர்கள் லாரி என்றுதான் டிக் செய்வார்கள். நானும் செய்தேன்.) ஹார்வர்டில் எரிக் மஸூர் தன் மாணவர்களுக்கு இந்த வகைக் கேள்விகளைக் கொடுத்தபோது ஒரு பெண் எழுந்து, நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி பதில் எழுதவா, இல்லை நான் வழக்கமாக நினைக்கிறபடி எழுதவா என்று கேட்டாராம். மஸூர் இதைப் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். அதன் பிறகு அவர் பாடம் நடத்துகிற முறையையே மாற்றிக்கொண்டார். கேள்வியைப் போட்டுவிட்டு, பக்கத்தில் இருப்பவனோடு வாதாடச் சொல்லிவிடுவார்.

தென்கொரியாவில் கிம், பாக் என்ற இருவர் 2002-ல் வெளியிட்ட ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கம். நுழைவுத்தேர்வுக்காகக் கணக்கு போட்டுத் தள்ளிவிட்டு வந்த 27 மாணவர்களை எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் போட்டிருந்த கணக்குகள் 300-லிருந்து 2,900 வரை, சராசரி 1,500. 1,500 கணக்கு! அடிப்படைக் கருத்துகளில் நம் பையன்களுக்கு இருக்கிற அதே குழப்பங்கள் அவர்களுக்கும் இருந்தன. அதிகம் போட்டவருக்கும் குறைவாகப் போட்டவருக்கும் கருத்துப் புரிதலில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கோச்சிங் சென்டர் வாசலில் எழுதி மாட்டலாம். மாட்டமாட்டார்கள்.

1981-ல் வந்த இன்னொரு ஆய்வு: மிஷெலின் சியும் அவர் சகாக்களும் இயற்பியல் கணக்குகளை அட்டைகளில் எழுதிக் கொடுத்து, இனம் பிரித்து வையுங்கள் என்றார்கள். புதிதாகப் படிக்கிறவர்கள் சாய்தளக் கணக்கு ஒரு கட்டு, ஸ்பிரிங் கணக்கு ஒரு கட்டு என்று பிரித்தார்கள். தேர்ந்தவர்கள் இது ஆற்றல் அழியா விதி, இது நியூட்டனின் இரண்டாம் விதி என்று பிரித்தார்கள். படத்தில் சாய்தளம் இருக்கிறதா கப்பி இருக்கிறதா என்பது அவர்கள் கண்ணிலேயே படவில்லை. நம் லோக்கல் ஆத்தரின் 'மாடல் 1, மாடல் 2' எந்தக் கட்டு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கற்றுக்குட்டி எப்படிப் பார்க்கிறானோ அப்படியே அச்சடித்து, பைண்டு பண்ணி, திரும்ப அவனுக்கே விற்கிறோம்.

"எதுவரைக்கும் போட்டே?" என்ற கேள்விக்கு எதிராக ஒரு நியாயமான வாதம் உண்டு. அக்கா மகனே அதைச் சொன்னான். அரியர் வந்த பிறகு நான் ஞானம் பெற்று, அவன் அனுப்பிய அடுத்த படத்துக்கு இந்தக் கேள்வியைப் போட்டேன். "தெரியாததாலதானே மாமா கேக்கிறேன்" என்றான். அதில் நியாயம் இருக்கிறது. எதுவரைக்கும் போட்டாய் என்பது ஓரளவுக்காவது போட முடிந்தவனிடம் கேட்க வேண்டியது. முதல் வரியிலேயே நிற்கிறவனிடம் அதைக் கேட்டால், 'போடா' என்பதை மரியாதையாகச் சொன்ன மாதிரி ஆகிவிடும். இங்கிலீஷில் படித்து வளர்ந்த, வீட்டில் இரண்டு இன்ஜினியர் இருக்கிற பிள்ளைகள் இந்தக் கேள்வியைத் தாண்டிவிடுவார்கள். மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள்.

அவன் எங்கே நிற்கிறான் என்று பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. அவன் நின்றது மெக்கானிக்ஸில் கூட இல்லை, கேள்வியின் வாக்கியத்தில். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவன். கேள்வியில் 'ஸ்மூத்' என்று ஒரு சொல் இருந்தால் அதற்கு வழவழப்பு என்று அர்த்தம் அவனுக்குத் தெரியும். அங்கே உராய்வே கிடையாது, சுவரின் விசை சுவருக்குச் செங்குத்தாக மட்டும்தான் இருக்கும், ஆகவே ஒரு அம்புக்குறி மிச்சம் என்று அந்த ஒற்றைச் சொல் முழுக் கட்டளை போடுகிறது என்பதை யாரும் அவனுக்குச் சொன்னதில்லை. 'லைட்' என்று கயிற்றுக்கு முன்னால் வந்தால் அதன் எடையைக் கணக்கில் சேர்க்காதே. 'இன்எக்ஸ்டென்ஸிபிள்' என்றால் கயிறு நீளாது, ஆகவே இரண்டு முனையில் இருக்கிற பெட்டிக்கும் ஒரே முடுக்கம். 'இம்பென்டிங்' என்றால் இதோ நகரப் போகிறது, ஆனால் இன்னும் நகரவில்லை. அந்தக் கணத்தில் மட்டும்தான் உராய்வு தன் எல்லையில் நிற்கும். அங்கே நம்மாள் ஆசைப்படுகிற மியூ இன்டு என் போடலாம். 'ரெஸ்ட்' என்றால் ஆரம்ப வேகம் பூஜ்யம். கேள்வி எழுதுகிறவர் எண்ணாகக் கொடுக்காத தகவலை எல்லாம் இந்த மாதிரிப் பெயரடைகளில் ஒளித்து வைத்திருக்கிறார். சங்கப் பாட்டுக்கு உரை எழுதுகிறவர் ஒரு அடையை விடாமல் பிடித்துக்கொண்டு அரைப்பக்கம் எழுதுவாரே, அப்படிப் படிக்க வேண்டிய வாக்கியங்கள் இவை. நம் பையன்கள் அதிலிருக்கும் எண்களை மட்டும் பொறுக்கி எடுத்து 'கொடுக்கப்பட்டவை' என்று அடுக்குகிறார்கள்.

அதனால் அந்தக் கேள்வியைக் கொஞ்சம் கீழே இறக்க வேண்டியிருந்தது. எதுவரைக்கும் போட்டே என்பதற்கு முன்னால், எதுவரைக்கும் படிச்சே. இந்த வாக்கியத்தைத் தமிழில் சொல்லு. இதில் எது நகர்கிறது? அதை எதெல்லாம் தொட்டுக்கொண்டிருக்கிறது? தொடுகிற இடத்தில் எல்லாம் ஒரு அம்பு போடு, பூமி இழுப்பதற்கு ஒன்று. அவ்வளவுதான் ஃப்ரீ பாடி டயகிராம். ஆரம்ப மெக்கானிக்ஸில் பாதி அங்கேயே முடிந்துவிடும். மீதி வெறும் அல்ஜீப்ரா. அந்தப் பாதியைத்தான் நான் முப்பது முறை அவனுக்குப் பதிலாக வரைந்து கொடுத்திருந்தேன்.

இதையெல்லாம் செய்ய வேண்டியது கல்லூரி ஆசிரியர் அல்லவா என்று கேட்கலாம். எங்கள் டைம்டேபிளில் மெக்கானிக்ஸுக்கு வாரம் ஒரு டுடோரியல் பீரியட் இருந்தது. அறுபது பேர் உட்கார்ந்து கணக்கு போட, அவர் சுற்றி வந்து எங்கே மாட்டிக்கொண்டோம் என்று பார்க்க வேண்டிய நேரம். ஒரு வாரம்கூட அப்படி நடக்கவில்லை. சிலபஸ் முடியாததால் அது இன்னொரு லெக்சர் ஆனது. அவரையும் முழுக்கக் குற்றம் சொல்ல முடியாது. மிச்ச நேரத்தில் அங்கீகாரக் குழு வருவதற்காக ஃபைல் தயார் செய்துகொண்டிருந்தார். எங்கள் 'கற்றல் அடைவு' எத்தனை சதவீதம் என்று அட்டவணை போட்டு, கையெழுத்திட்டு, ஸ்பைரல் பைண்டிங். 9.18 நோட்டுகளும் அந்தச் சதவீதத்தில் சேர்ந்திருக்கும்.

சரி, சாட்பாட்டுக்கு வருவோம். துருக்கியில் ஏறத்தாழ 1,000 உயர்நிலைப் பள்ளி மாணவர்களை வைத்துக் கணிதத்தில் ஒரு சோதனை நடத்தினார்கள். 2025-ல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் அகாதமி இதழில் அது வெளியானது. ஒரு குழுவுக்குச் சாதாரண சாட்பாட். இரண்டாவது குழுவுக்கு, விடையைக் கொடுத்துவிடாமல் துப்பு மட்டும் தரும்படி ஆசிரியர்களின் உதவியோடு அமைத்த சாட்பாட். மூன்றாவது குழுவுக்குப் புத்தகமும் நோட்டும். பயிற்சி நேரத்தில் முதல் குழு, மூன்றாவது குழுவைவிட 48 சதவீதம் அதிகம் வாங்கியது; இரண்டாவது குழு 127 சதவீதம் அதிகம். பிறகு எல்லோரிடமிருந்தும் இயந்திரத்தைப் பிடுங்கிக்கொண்டு பரீட்சை வைத்தார்கள். முதல் குழு, அதைத் தொடவே தொடாதவர்களைவிட 17 சதவீதம் குறைவாக வாங்கியது. துப்பு வாங்கிய குழுவுக்கு நஷ்டம் அநேகமாக இல்லை. ஆனால் பெரிய லாபமும் இல்லை. முதல் குழுவின் கதை எனக்குப் புதிதாகத் தெரியவில்லை. அசைன்மென்ட்டில் முழு மதிப்பெண், பரீட்சையில் அரியர்.

'விடை சொல்லும் மெஷினைத் தடை செய்' என்று கிளம்புகிறவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி. மாமா இல்லாதவன் என்ன செய்வான்? வீட்டில் முதல் பட்டதாரி. ஹாஸ்டலில் மூல நோட்டுக்காரனிடம் சந்தேகம் கேட்டால் சிரிப்பான். வகுப்பில் கையைத் தூக்கினால் அறுபது தலை திரும்பும். அவனுக்கு இரவு பதினொன்றுக்கு, தமிழில், எரிச்சல்படாமல், ஒரே கேள்வியை ஏழாவது முறை கேட்டாலும் பதில் சொல்கிற ஒன்று முதல்முறையாகக் கிடைத்திருக்கிறது. ஃபார்முலா எங்கிருந்து வருகிறது என்று அதனிடம் அவன் வெட்கமில்லாமல் கேட்கலாம். இதைப் பறித்துக்கொண்டு அவனிடம் எதைக் கொடுப்பீர்கள்? டுடோரியல் பீரியடையா?

அதே சமயம், அது விடை விற்கும் கடையின் அடுத்த கிளையாகத்தான் அவனிடம் வந்து சேரும். கேட்டவுடன் கொடுத்துவிடுவது அதன் சுபாவம். என் சுபாவமும் அதுவாகத்தான் இருந்தது. பன்னிரண்டு நிமிஷத்தில் முடிகிற வேலைக்கு நாற்பது நிமிஷம் அடுத்தவன் தடுமாறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது லேசான காரியமில்லை. கை பரபரக்கும். பேனாவைப் பிடுங்கிப் போட்டுவிடத் தோன்றும். அந்தப் பரபரப்புக்கு 'உதவும் மனப்பான்மை' என்று நாம் பெயர் வைத்திருக்கிறோம். எனக்கு அது பெரும்பாலும் என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டுகிற ஆசையாகவும், சீக்கிரம் படுக்கப் போகிற அவசரமாகவும்தான் இருந்தது. ரஃப் நோட்டை முதலில் காட்டாமல் யாரிடமும், எதனிடமும், கேட்காதே என்று ஒரு பையனுக்குப் பழக்கிவிட்டால் அவன் மெஷினிடமும் பிழைத்துக்கொள்வான், மாமாவிடமும் பிழைத்துக்கொள்வான். பழக்க வேண்டியவர்கள் பழக்காமல், மெஷினைப் பார்த்து அழுதுகொண்டிருக்கிறார்கள்.

அரியர் பரீட்சைக்கு முந்தின வாரம் அவன் வீட்டுக்கு வந்திருந்தான். நான் கேள்வி கேட்க ஆரம்பித்ததிலிருந்து என் மேல் கோபம். இரண்டு நாள் ப்ளூ டிக் மட்டும் விழுந்தது. சாட்பாட்டிடம் போயிருப்பான் என்றுதான் நினைத்தேன். போயுமிருந்தான், பிறகு சொன்னான். மூன்றாம் நாள் இரவு ஒரு படம் வந்தது. கேள்வித்தாள் இல்லை. ஒரு பழைய ரெக்கார்டு நோட்டின் பின்பக்கம். வழவழப்பான சுவரில் சாய்த்த ஏணி, கீழே சொரசொரப்பான தரை. சுவரிடமிருந்து ஒரே ஒரு அம்பு, சரியாகச் செங்குத்தாக. எடைக்கு ஒன்று, நடுவில். அடிக்காலில் தரையின் உராய்வை வெளிப்பக்கமாகப் போட்டு அடித்திருந்தான். உள்பக்கமாகப் போட்டு அதையும் அடித்திருந்தான். மறுபடி வெளிப்பக்கம். பேனா அழுத்தி அந்த இடத்தில் தாள் கிழிந்திருந்தது.

"மாமா, ஏணி வழுக்கினா அடிக்கால் எந்தப் பக்கம் போகும்?"

விரல் தானாகவே விடையை டைப் அடித்துவிட்டது. அனுப்பவில்லை. அழித்துவிட்டு, "வீட்ல ஒட்டடைக் குச்சி இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு."

"சுவத்துல சாச்சு வச்சுப் பாரு."

பதில் வரவில்லை. பத்து நிமிஷம் கழித்து அக்காவிடமிருந்து போன்.

"ராத்திரி பதினொன்றரை மணிக்கு ஹால்ல ஒட்டடைக் குச்சியைத் தடால் தடால்னு கீழ போட்டுக்கிட்டு இருக்கான். அவன்கிட்ட என்னடா சொன்னே?"